அறுபத்தைந்தில் ஜிப்ஸி ஸ்டியரிங் உதறுகிறது, இரண்டாவது டேம்பர் போடலாமா?

ஜூன் 14, மாலை. ஓமலூரிலிருந்து வந்த கேள்வி

"2009 ஜிப்ஸி, போன வருஷம் பழசாக வாங்கியது. முன்னால் வைத்திருந்தவர் பட்டை ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு இணைக்கிற ஷேக்கிளை நீளமாக்கி, 235 அகல டயர் போட்டு உயர்த்தி வைத்திருக்கிறார். ஏற்காடு மெயின் ரோடு, குப்பனூர் ரோடு, எஸ்டேட் பாதை எதில் போனாலும் வண்டி தங்கம். பைபாஸில் 65 வந்து, பாலத்து இணைப்பில் ஒரு தட்டு தட்டினால் போதும், ஸ்டியரிங் கையை உதறித் தள்ளுகிறது. முப்பதுக்கு இறங்கினால்தான் நிற்கிறது. வீல் பேலன்சிங் இரண்டு தடவை பார்த்தாச்சு. புது டேம்பர் (ஸ்டியரிங் ஆட்டத்தை அமுக்குகிற ஷாக் அப்சார்பர்) போட்டேன், பத்து நாள் நன்றாக இருந்தது, மறுபடி ஆரம்பம். பட்டறையில் இன்னொரு டேம்பர் சேர்த்துப் போடச் சொல்கிறார்கள். போடலாமா அண்ணா?"

ஜூன் 14, இரவு

போடாதீங்க தம்பி.

டேம்பர் உதறலை உண்டாக்குவதும் இல்லை, தீர்ப்பதும் இல்லை. அடக்கி மட்டும் வைக்கும். உங்களுக்குக் கிடைத்த பத்து நாள் அதுதான். புது டேம்பர் இறுக்கமாக இருந்தவரைக்கும் உள்ளே இருக்கிற தேய்மானம் கைக்குத் தெரியவில்லை. அந்தப் பத்து நாளும் தேய்மானம் பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்திருக்கும்.

பேலன்சிங்கையும் விட்டுவிடுங்க. பேலன்ஸ் கெட்ட சக்கரம் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நடுங்கும், அதைத் தாண்டினால் அடங்கும். ரோடு வழுவழுப்பாக இருந்தாலும் நடுங்கும். நீங்கள் சொல்வது வேறு: ஒரு தட்டில் ஆரம்பிக்கிறது, தட்டு போன பிறகும் நிற்கவில்லை, வேகம் நன்றாக விழுந்தால்தான் நிற்கிறது. இது தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிற ஆட்டம். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரை வேகமாகத் தள்ளும்போது முன் சக்கரம் ஒன்று படபடவென்று இரண்டு பக்கமும் அடித்துக்கொள்ளும், பார்த்திருப்பீர்கள். அதே சங்கதி. ஜிப்ஸியில் இரண்டு முன் சக்கரமும் ஒரே இரும்பு ஆக்ஸிலில், டை ராடால் கோர்த்துக் கிடக்கின்றன. ஒன்று ஆடினால் மற்றதும் சேர்ந்து ஆடும்.

என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று புரியும். அப்பா காலத்து மஹிந்திரா எம்எம் 540 ஜீப் எங்களிடம் இருந்தது. நாகலூர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து காபி மூட்டை இறக்க அதுதான். கருப்பூர் பாலத்தில் ஒருநாள் உதறியது, பக்கத்தில் வீட்டுக்காரி, பின்னால் எட்டு மூட்டை. சேலத்தில் ஒரு பட்டறையில் டேம்பர் மாற்றினார்கள். ஐந்து மாதம் நிம்மதி. மறுபடி வந்தபோது அதைவிடத் தடித்த டேம்பர். அதுவும் அடக்கியது. அந்த வருஷம் ஐப்பசி மழையில், வெறும் வண்டியோடு மலை ஏறும்போது, ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை ஒடிக்கிறேன், சக்கரம் திரும்பவில்லை. ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகிற தண்டான டிராக் லிங்க்கின் பால் ஜாயிண்ட் குழியை விட்டு வெளியே வந்து தொங்கியது. நடக்கிற வேகம் என்பதால் கல் திட்டில் முட்டி நின்றது. அந்த ஜாயிண்ட் எத்தனை மாதமாகத் தொளதொளத்துக் கிடந்ததோ! இரண்டு டேம்பரும் சேர்ந்து அதை என் கைக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தன.

எந்த வரிசையில் தேடணும் என்று நாளைக்கு எழுதுகிறேன். அதுவரை பைபாஸில் ஐம்பதைத் தாண்டாதீங்க.

ஜூன் 15, காலை

நேற்று எழுதியதில் முக்கியமானதை விட்டுவிட்டேன். ஓட்டும்போது உதறல் வந்தால் என்ன செய்வது?

கட்டை விரலை ஸ்டியரிங் வளையத்துக்குள் கொடுக்காதீங்க, வெளியே வைங்க. வளையத்தை உடும்பாகப் பிடித்து அடக்கப் பார்க்காதீங்க. உங்கள் கையும் ஒரு சுருள்வில் மாதிரிதான் வேலை செய்யும், சில சமயம் ஆட்டத்துக்கே ஒத்தாசை பண்ணும். நேராகப் போகிற அளவுக்குப் பிடித்தால் போதும். ஆக்சிலேட்டரை விடுங்க, பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் வேகத்தை இறக்குங்க, இடது ஓரம் ஒதுங்குங்க. பின்னால் லாரி வருகிறதா என்று கண்ணாடி பாருங்க. ஓமலூர் பைபாஸில் அதுதான் பெரிய ஆபத்து.

ஜூன் 16, மதியம்

எதையும் கழற்றுவதற்கு முன்னால் வண்டியின் அடியில் ஒரு அரை மணி நேரம். இரண்டு ஆள் வேணும். காசு செலவில்லை.

முதலில் நாலு சக்கரமும் தரையில் இருக்கட்டும். ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் கால் சுற்று, விடாமல், வேகமாக ஒடிக்கணும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு ஜாயிண்ட் மேலும் உள்ளங்கையை வைங்க. கண்ணைவிடக் கைக்குத்தான் தெரியும். ஸ்டியரிங் பாக்ஸ் சேஸிஸில் பிடிக்கிற போல்ட், அந்த இடத்தில் சேஸிஸில் மயிர்க்கோடு மாதிரி விரிசல், டிராக் லிங்க் இரண்டு முனை, டை ராடு இரண்டு முனை, பட்டைக்கட்டின் புஷ், ஷேக்கிள் புஷ், யு போல்ட். ஜாயிண்டின் ஒரு பாதி நகர்ந்து மறுபாதி தாமதமாக வந்தால் உள்ளங்கையில் 'டொக்' என்று தெரியும். அது போய்விட்டது என்று அர்த்தம். இதைச் சக்கரம் தரையில் இருக்கும்போதுதான் பார்க்கணும். ஜாக்கியில் தூக்கிவிட்டால் பாரம் இல்லாமல் பல ஆட்டம் ஒளிந்துகொள்ளும்.

அப்புறம் ஒரு பக்கம் தூக்கி, சக்கரத்தைக் கடிகாரத்தில் மூன்று மணி, ஒன்பது மணி இடத்தில் பிடித்து ஆட்டுங்க. ஆட்டம் இருந்தால் டை ராடு பக்கம், அல்லது ஸ்டியரிங் பாக்ஸ். அடுத்தது பன்னிரண்டு, ஆறு. இங்கே ஆடினால் வீல் பேரிங் அல்லது கிங் பின் (சக்கரம் இடம் வலம் திரும்புகிற அச்சு). எது என்று பிரிக்க, ஒருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்க. பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாமல் அப்படியே இருந்தால் கிங் பின்.

டேம்பரைக் கழற்றிக் கையால் இழுத்துத் தள்ளிப் பாருங்க. இரண்டு பக்கமும் ஒரே இறுக்கம் இருக்கணும், நடுவில் எங்கேயும் வெறுமையாக ஓடக்கூடாது. உங்களுடையது புதுசு, இருந்தாலும் பாருங்க.

ஒன்று மட்டும் செய்யாதீங்க. ஸ்டியரிங் பாக்ஸ் தலையில் ஒரு அட்ஜஸ்ட் ஸ்குரூ இருக்கும். ஆட்டம் என்றால் பாதிப் பேர் முதலில் அதைத்தான் முறுக்குவார்கள். வெளியே தேய்ந்துபோன ஜாயிண்டுக்கு இது மருந்து இல்லை. அளவு மீறி முறுக்கினால் நடுவில் இறுகி, வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்பாது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிறவனுக்கு அது உதறலைவிட மோசம்.

ஜூன் 16, இரவு

படித்துப் பார்த்ததில் ஒரு பயம் வந்தது, அதனால் எழுந்து எழுதுகிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீங்க. ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட், இல்லாவிட்டால் மரக்கட்டை அடுக்குங்க. பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைங்க. ஹேண்ட் பிரேக்கை எண்ணி இருக்காதீங்க.

டயர் காற்றையும் கேட்க மறந்தேன். மண் பாதைக்காக 18 பிஎஸ்ஐ இறக்கிவிட்டு, அப்படியே பைபாஸ் ஏறினால் நல்ல வண்டியே ஆடும்.

ஜூன் 19

தம்பி பார்த்துவிட்டுச் சொன்னது: ஜாயிண்ட் எல்லாம் கெட்டி. காற்று 26. வலது சக்கரம் அசையவில்லை. இடது சக்கரம் பன்னிரண்டு, ஆறில் லேசாக ஆடுகிறது, பிரேக் மிதித்தாலும் ஆட்டம் அப்படியே இருக்கிறது.

அப்படியானால் இடது கிங் பின். ஜிப்ஸியில் சக்கரம் இடம் வலம் திரும்புவதே மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இருக்கிற இரண்டு சின்ன டேப்பர் பேரிங் மேல்தான். இந்தப் பேரிங் முழுச் சுற்று சுற்றுவதே கிடையாது. ஒரு சின்ன வளைவுக்குள் முன்னும் பின்னும் அசையும், அவ்வளவே. நேர் ரோட்டில் பாரம் எல்லாம் ஒரே இடத்தில் இடிக்கும். வருஷக் கணக்கில் இடித்து இடித்து ரேஸில், அதாவது பேரிங்கின் வளையத்தில், உருளை படிகிற இடத்தில் வரி வரியாகப் பள்ளம் விழும். கழற்றிய ரேஸைத் துடைத்துவிட்டு நகத்தால் வருடிப் பாருங்க, நகம் தடுக்கும். தடுத்தால் ரேஸோடு சேர்த்து மாற்றணும், கிரீஸ் மட்டும் வைத்து மூடிவிடக்கூடாது.

திறக்கும்போது இரண்டு விஷயம். மேல் கிங் பின்னில் இருந்த ஷிம்மை (இடைவெளிக்கு வைக்கிற மெல்லிய தகடு) தனியாகவும் கீழ் கிங் பின்னில் இருந்ததைத் தனியாகவும் கம்பியில் கோர்த்துச் சீட்டு எழுதி வைங்க. கலந்துபோனால் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கிக்கொண்டு திரும்புகிற பாகம்) மையம் மேலேயோ கீழேயோ தள்ளிப்போய் சீல் ஒரு பக்கமாகத் தேயும். இரண்டாவது, இறுக்கம். ஷிம் எடுத்தால் பேரிங் இறுகும், சேர்த்தால் தளரும்.

எவ்வளவு இறுக்கம் என்பதைத்தான் நம் பக்கத்தில் யாரும் அளப்பதில்லை. "கையால் ஆட்டினேன், டைட்டாக இருக்கு" என்பார்கள். இதற்கு அளவு உண்டு. டை ராடைக் கழற்றிவிட்டு, டை ராடு மாட்டுகிற அந்தத் துளையில் மீன்காரர் வைத்திருக்கிற மாதிரி ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு, நக்கிளின் கைக்குச் செங்கோணமாக, படுக்கைவாட்டில் இழுக்கணும். நக்கிள் அசைய ஆரம்பிக்கிற கணத்தில் முள் 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் நிற்கணும். குறைந்தால் ஷிம் எடுங்க, கூடினால் சேருங்க. இந்த இறுக்கம்தான் சக்கரம் தன் இஷ்டத்துக்கு ஆடாமல் பிடித்து வைக்கிறது. டேம்பர் செய்யவேண்டிய வேலையில் பாதியை இது சத்தமில்லாமல் செய்துவிடும்.

தம்பி, இரண்டு பக்கமும் திறங்க. வலது அசையவில்லை என்பதால் இறுக்கம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. தளர்ந்தும் இல்லாமல் இறுகியும் இல்லாமல் வெறுமனே சுழலலாம்.

ஜூன் 20

நேற்றைய தராசுக் கணக்கு, நக்கிள் ஆயில் சீல் மாட்டாமல் இருக்கும்போது எடுக்கவேண்டியது. சீல் மாட்டிவிட்டு இழுத்தால் சீலின் உரசலும் சேர்ந்து முள் ஏறும், அதை நம்பி ஷிம்மைச் சேர்த்துவிடுவீர்கள். சீலைத் தள்ளி வைத்து அளந்து, பிறகு மாட்டுங்க.

ஆனால் கட்டாயம் மாட்டுங்க. அது தண்ணீர் தடுக்க மட்டும் இல்லை. ஆக்ஸில் முனையில் இருக்கிற நக்கிள் உருண்டைமேல் சுற்றிலும் உரசி, ஆட்டத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். கிழிந்த சீலைப் பிடுங்கி எறிந்துவிட்டு அப்படியே ஓட்டுகிற வண்டிகளில் உதறல் வருவதை நானே மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

ஜூன் 22, இரவு

இடது மேல் ரேஸில் பள்ளம் இருந்ததாம். படம் அனுப்பினார், உள்ளே கிரீஸ் என்று எதுவுமே இல்லை, செம்மண் களிதான். இரண்டு பக்கமும் பேரிங் மாற்றியாச்சு. தராசு இரண்டிலும் 1.4. உதறல் முக்கால்வாசி போய்விட்டது என்கிறார். ஆனால் 70ஐத் தாண்டினால் வண்டி ரோட்டில் மேய்கிறதாம், வளைவு முடிந்தால் ஸ்டியரிங் சோம்பலாகத் திரும்புகிறதாம்.

இது அந்த நீள ஷேக்கிள். ஜிப்ஸியின் முன் பட்டைக்கு ஷேக்கிள் முன் முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் பட்டையின் முன் முனை கீழே இறங்கும், ஆக்ஸில் முன்னால் கவிழும், கிங் பின் தலை முன்னால் சாயும். சாதாரணமாகக் கிங் பின் தலை பின்னால் மூன்றரை டிகிரி சாய்ந்திருக்கணும். அந்தச் சாய்வைத்தான் கேஸ்டர் என்கிறோம். சைக்கிளின் முன் கவை சாய்ந்திருப்பதால் கையை விட்டாலும் நேராகப் போகிறதே, அதே காரணம். செல்போனில் கோணம் காட்டுகிற செயலியைத் திறந்து, மேல் கிங் பின் தட்டையான தலையில் வைத்துப் பாருங்க. சமதரையில் நிறுத்திப் பார்க்கணும். தோராயம்தான், ஆனால் போதும்.

நல்ல வழி பழைய அளவு ஷேக்கிளையே மாட்டுவது. உயரம் குறைய மனமில்லை என்றால் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் ஆப்பு வைக்கணும். தடித்த முனை பின்பக்கம் வரவேண்டும்.

ஜூன் 23, அதிகாலை

நேற்றைய கடைசி வரி தப்பு. ஆப்பின் தடித்த முனை முன்பக்கம் வரணும். தம்பிக்கு ஐந்தரை மணிக்கே போன் செய்துவிட்டேன், இன்னும் மாட்டவில்லையாம், நிம்மதி. தப்பை அழிக்காமல் விடுகிறேன், ஏனென்றால் இந்தக் குழப்பம் எல்லாருக்கும் வரும்.

பட்டை மேலேயும் ஆக்ஸில் கீழேயும் இருக்கிற ஒரு வண்டியை மனதில் வைத்து எழுதிவிட்டேன். அதற்குத் தடித்த முனை பின்னால்தான். ஜிப்ஸியில் பட்டை கீழே, ஆக்ஸில் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆக்ஸிலின் முன்பக்கத்தைத் தூக்கினால்தான் கிங் பின் தலை பின்னால் சாயும். படுக்கையில் யோசிக்கும்போது உறுத்தியது, டார்ச் எடுத்துக்கொண்டு போய் என் வண்டி அடியில் படுத்துப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

திருப்பி வைத்தால் இருக்கிற கொஞ்சம் கேஸ்டரும் போய் மைனஸுக்கு இறங்கிவிடும். அந்த வண்டியை நேராகப் பிடிக்க முடியாது.

ஆப்பு இரும்பில் கடைந்ததாக இருக்கட்டும், அலுமினிய வார்ப்பு நசுங்கும், வெடிக்கும். சென்டர் போல்ட்டை ஆப்பின் தடிமனுக்கு ஏற்ப நீளமாக மாற்றுங்க, அதன் தலை ஆக்ஸில் மேடையில் உள்ள குழிக்குள் முழுசாக உட்காரணும். யு போல்ட்டை ஐந்நூறு கிலோமீட்டர் கழித்து மறுபடி இறுக்குங்க. ஆப்பு வைத்தால் முன் டிஃபரென்ஷியலின் மூக்கு கீழே தாழும். நாலு சக்கர ஓட்டத்தில் முன் ஷாஃப்ட் முனகினால் காரணம் அதுதான்.

கேஸ்டரை இஷ்டத்துக்கு ஏற்றவும் வேண்டாம். அளவுக்கு மேல் போனாலும் சக்கரம் படபடக்கும். மூன்று, மூன்றரை போதும்.

ஜூன் 28

மலையில் தங்கமாக ஓடுகிற வண்டி பைபாஸில் மட்டும் ஏன் உதறுகிறது என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு இதைப் பற்றிப் பேசப் பிடிக்கும்.

நோய் மலையில் உண்டாகிறது, தரையில் தெரிகிறது. ஏற்காடு ரோட்டில் இருபது, முப்பது தாண்டுகிற இடமே குறைவு. உதறல் பிறக்க வேகம் வேணும், அது அங்கே கிடைப்பதில்லை. ஆனால் அடிவாரம் செக்போஸ்ட்டிலிருந்து மேலே போவதற்குள் ஸ்டியரிங்கை எத்தனை முறை கோடிக்குக் கோடி ஒடிக்கிறோம்! தோட்டப் பாதையில் சில்வர் ஓக் வேரும் கல்லும் சக்கரத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகின்றன. மஞ்சக்குட்டை பக்கமெல்லாம் மழை விட்ட மறுநாள் செம்மண் சேறு நக்கிள் உருண்டை முழுக்க அப்பிக்கொள்ளும். அது காய்ந்து உப்புத்தாள் மாதிரி ஆகி, ஒவ்வொரு ஒடிப்புக்கும் சீலின் உதட்டைத் தேய்க்கும். உதடு போனால் உள்ளே தண்ணீர், பிறகு களி. தம்பி அனுப்பிய படத்தில் இருந்தது இதுதான்.

தோட்ட வேலைக்கு ஓடுகிற வண்டி பல மாதம் மலையை விட்டு இறங்குவதே இல்லை. மிளகு விற்கவோ, ஆஸ்பத்திரிக்கோ என்று ஒருநாள் இறங்கி, கொண்டலாம்பட்டி பைபாஸ் ஏறியதும் முதல் பாலத்தில் உதறும். அன்றைக்கு வண்டிக்குள் நோயாளியோ குழந்தையோ இருப்பார்கள்.

நான் இப்போது செய்வது: மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை நக்கிள் உருண்டையைத் தண்ணீர் பீய்ச்சாமல், ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவுவது. பிரஷர் வாட்டர் அடித்தால் களியை நாமே உள்ளே தள்ளுகிறோம்.

ஜூலை 3

அஸ்தம்பட்டியிலிருந்து ஜிம்னி வைத்திருப்பவர் கேட்கிறார். 2023இல் வந்த ஜிம்னிக்கும் முன்னால் ஒரே இரும்பு ஆக்ஸில்தான், கிங் பின் பேரிங்கும் உண்டு. ஆனால் பட்டைக்கு பதில் காயில் ஸ்பிரிங். ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்க ஒரு குறுக்குத் தண்டு வரும், அதன் இரண்டு புஷ்ஷையும் முதலில் பாருங்க. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது ஆக்ஸில் முழுசாக ஒரு நூல் அளவு பக்கவாட்டில் நழுவினால் புஷ் அல்லது அந்த போல்ட் துளை போயிருக்கும். உயர்த்திய வண்டி என்றால் கேஸ்டரும் குறைந்திருக்கும். மற்றபடி தேடுகிற முறை மேலே எழுதியதே.

முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள தார் வண்டிகளுக்கு இந்த இழையை அப்படியே பின்பற்றாதீங்க. அங்கே கிங் பின்னே கிடையாது.

ஜூலை 11

தம்பியின் சேதி. கேஸ்டர் முதலில் 1 டிகிரிதான் இருந்திருக்கிறது. இரண்டரை டிகிரி ஆப்பு, தடித்த முனை முன்னால். இப்போது மூன்றரைக்குப் பக்கம். ஆனால் 80இல் ஒரு மெல்லிய நடுக்கம் மிச்சம் இருந்ததாம். டேப்பை வைத்து டயரின் முன் விளிம்பு இடைவெளியும் பின் விளிம்பு இடைவெளியும் அளக்கச் சொன்னேன். முன்பக்கம் குறுகலாக இருக்கவேண்டியது விரிந்து கிடந்தது. டை ராடைக் கழற்றி மாட்டியபோது சுற்றுக் கணக்கு தவறியிருக்கிறது. சரி செய்து, டயரை முன்னுக்குப் பின் மாற்றி, இந்த முறை பேலன்சிங்கும் பார்த்தார். ஆமாம், ஆரம்பத்தில் பேலன்சிங்கை விடச் சொன்னவன் நானே. உதறலுக்கு அது காரணமில்லை என்றுதான் சொன்னேன். கடைசியில் செய்யவேண்டிய வேலை அது.

நேற்று தொப்பூர் வரை போய்த் திரும்பியிருக்கிறார். டேம்பர் பழைய ஒன்றுதான். கருப்பூர் பாலத்து இணைப்பில் வேண்டுமென்றே அதே 65இல் ஏற்றினாராம். "ஒரு தட்டு, அவ்வளவுதான் அண்ணா, கையில் ஒன்றும் தெரியல" என்றார்.

ஜூலை 12, மாலை

தம்பிக்குச் சொன்னதை என் ஜிப்ஸியில் செய்து பார்த்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. இன்று தராசோடு படுத்தேன். வலது 1.3. இடது 700 கிராமிலேயே நகர்ந்துவிட்டது. உதறல் இன்னும் வரவில்லை, டேம்பர் நன்றாக இருப்பதால் இருக்கும். வண்டியை ஷெட்டில் ஏற்றி முன்னால் ஸ்டாண்ட் வைத்துவிட்டேன். பேரிங் செட்டும் சீலும் நாளை காலை பஸ்ஸில் வரும். அதுவரை மிளகு மூட்டை காத்திருக்கட்டும்.